காணாமல் போன நோய்

திங்கள்கிழமை, காலை மணி ஒன்பது.

நகை காணாமல் போகும், பணம் காணாமல் போகும், சில வீடுகளில் முகூர்த்தத்துக்கு முந்திய நாள் மாப்பிள்ளையே காணாமல் போவதும் உண்டு. ஜொகூர் பாருவில் இருந்த அந்தத் தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அன்று காணாமல் போயிருந்தது ஒரு புற்றுநோய்.

நோய்க்குச் சொந்தக்காரர் என்று எழுதப்பட்டவர் சுகுமாறன், வயது ஐம்பத்து நான்கு. பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் டேங்க் பிரிவில் ஆப்பரேட்டர். பொங்கலுக்கு அடுத்த வாரம் ஆலை வாசலில் மருத்துவ வேன் வந்து நின்று, அந்தப் பிரிவு ஆட்கள் எல்லோரிடமும் வருடாந்தரப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, ஒரே பெட்டியில் இந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. சுகுமாறனின் குழாயில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். அதே ரத்தத்தில் மேல்சோதனையும் செய்தார்கள். ரத்தப் புற்றுநோய் என்று வந்தது. ஆலை அவரை டேங்க் வேலையிலிருந்து மாற்றி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கே நாள் கிடைத்து, புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால், மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். நோய் இருந்த சுவடே இல்லை.

இது தானாக வந்து தானாகப் போகிற நோயில்லை. ஆகவே கூடத்தின் தலைவர் டாக்டர் கமலநாதன் மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்திருந்தார். ஆலையின் பாதுகாப்பு அதிகாரியும் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"வாசுகி, உங்க பக்கம் எப்படி?"

வாசுகி மரபணு எழுத்துகளைக் கணினியில் படித்து அறிக்கை எழுதுபவள். பன்னிரண்டு வருட அனுபவம், அதற்கேற்ற மிடுக்கு.

"என் பக்கம் தப்பு இல்ல டாக்டர். ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். ரீடிங் சரி."

"அப்ப ட்யூப் வாங்கி வைக்கிற இடத்துலதான் மாறியிருக்கு."

எல்லோரும் ரூபினியைப் பார்த்தார்கள். குழாய்களை வாங்கிப் பிரித்து வைப்பது அவள் வேலை. சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் வாசுகியைப் பார்த்தாள். வாசுகி தன் கணினித் திரையைப் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் ரூபினியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். குழாயை மாற்றியவள் என்று பெயர் வாங்கியவளை ஜொகூரில் எந்தக் கூடமும் உள்ளே விடாது. வாசுகி சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில் யார் தலையில் போய் விழும் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை.

மனசு கேட்காமல் வாசுகி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரே பெட்டிக்குள் குழாய் மாறியிருந்தால், அந்தப் பெட்டியில் இருந்த வேறு யாருக்காவது நோய் இருக்க வேண்டும். ஆலை அத்தனை பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்திருந்தது. எல்லோரும் நலம். சரி, கூடத்துக்கு வந்த வேறு நோயாளியின் ரத்தம் கலந்திருக்குமா? அதையும் பார்க்க வழி இருந்தது.

நம் ரத்தத்தில் பி அணுக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. கிருமிகளுக்கு எதிர்ப்புப் புரதம் செய்வது அவற்றின் வேலை. கிருமி வந்ததும் இவை பெற்றோர் கொடுத்த மரபணுவை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அங்கொரு எழுத்து, இங்கொரு எழுத்து என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கும். கிருமிக்குப் பொருந்தி வருவது பிழைத்துப் பெருகும். ஒவ்வொரு அணுக் குடும்பத்துக்கும் திருத்தங்கள் வேறு வேறு இடத்தில் விழும். இந்தப் புற்றுநோய் என்பது அப்படி ஒரே ஒரு அணு கட்டுக்கடங்காமல் பெருகுவது. அதனால் நோயணுக்கள் அத்தனையிலும் ஒரே திருத்தங்கள்தான் இருக்கும். வேறொரு நோயாளியிடம் அதே திருத்தங்கள் அமையவே அமையாது.

வாசுகி கூடத்துக்கு வந்த எல்லா நோயாளிகளின் வரிசைகளோடும் ஒப்பிட்டாள். ஒன்றும் பொருந்தவில்லை. பெட்டியோ சீல் வைத்து வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஆரோக்கியம். வெளியிலிருந்தும் எதுவும் நுழையவில்லை. இருந்தும் ஒரு குழாயில் மட்டும் நோய்.

சாயங்காலம் மாசாயில் ரூபினியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். கீழே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே படிக்கட்டில் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாங்கக்கா," என்றாள் ரூபினி. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் வாசுகிக்கு உறுத்தியது.

"பெட்டி சீல் எப்படி இருந்துச்சு?"

"உடையல. நான்தான் வெட்டினேன்."

"ஸ்டிக்கர்?"

"வேன்லயே ஒட்டி வந்துச்சு. நான் ஒண்ணையும் பிரிச்சு ஒட்டல."

"ரெண்டு ட்யூபை ஒரே நேரத்துல திறந்தியா?"

"ஒண்ணு முடிச்சுதான் இன்னொண்ணு. நீங்கதான அப்படிப் பழக்குனீங்க?"

ரூபினியே மேலும் பேசினாள்.

"அந்த ரூம்ல 'என் பக்கம் தப்பு இல்ல'ன்னு சொன்னீங்க. ரூபினி பக்கமும் இருக்காதுன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருக்கணும்."

"சரி, விடுங்க. இன்னொண்ணு கேக்கறேன். ட்யூப் மாறுச்சோ இல்லையோ, அந்த ரத்தம் யாரோ ஒருத்தரோடதுதான? அவங்க எங்க இருக்காங்க? அதைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே லா."

வாசுகி காரில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருகவில்லை. யாருக்கோ நோய் இருக்கிறது. அது அந்த ஆளுக்குத் தெரியாது. கூடத்தின் பெயரையும் தன் பெயரையும் காப்பாற்றுகிற அவசரத்தில் அந்த ஆளைப் பற்றி அவளுக்கும் நினைப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை.

சுகுமாறன் வீடும் மாசாயில்தான், நாலு தெரு தள்ளி, வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளில் ஒன்று. முன்னறையில் பாய் விரித்து, கல்யாணப் பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி மக ஷர்வினிக்குக் கல்யாணம். வைகாசியில. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான்தான் ஓடணும்," என்றார்.

"வேன்ல எந்தக் கையில ரத்தம் எடுத்தாங்கண்ணே?"

"இடது கை."

"வரிசை நீளமா இருந்துச்சா?"

"வழக்கம்போலதான் லா."

"உங்களுக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாரு?"

"அதெல்லாம் யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா?"

பதில்கள் நறுக்குத் தெறித்தாற்போல் வந்தன. கண் மட்டும் பத்திரிகையை விட்டு நிமிரவில்லை. நோயில்லை என்று ஆஸ்பத்திரியே சொன்ன மனிதருக்கு முகத்தில் கொஞ்சமாவது தெம்பு வேண்டாமா? வாசுகி பேச்சை மாற்ற, சுவரில் மாட்டியிருந்த புதுப் படத்தைக் காட்டினாள். தோளில் காவடி, கன்னத்தில் அலகு, முகம் நிறையத் தாடி.

"இந்த வருஷத் தைப்பூசமாண்ணே?"

சுகுமாறன் அப்போதுதான் மனிதரானார்.

"ஆமாம்மா. நாப்பத்தெட்டு நாள் விரதம். பாருங்க, அலகு குத்துன இடத்துல ஒரு சொட்டு ரத்தம் இருக்கா? சுத்தமா இருந்தா வராது. காப்புக் கட்டுனதுலேர்ந்து இறக்குற வரைக்கும் என் உடம்புலேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் கீழ விழல. தாடியில பிளேடுகூட வைக்கல."

"பெரிய விஷயம்ண்ணே," என்றாள் வாசுகி. அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்கி வந்தவர் தம்பி தீபன், அந்த ஆலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர். அண்ணனை விட மூன்று வயது இளையவர். தாடியை எடுத்துவிட்ட அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. ஆனால் தம்பியின் சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

சுகுமாறன் எழுந்தே விட்டார். "நீ ஏன்டா வெயில்ல அலையற? உக்காரு. சாப்டியா?"

"பசியே இல்லண்ணே. ராத்திரியில தூக்கமும் இல்ல. சட்டை நனைஞ்சு பிழியிற மாதிரி ஆயிடுது, ஏர்கான் போட்டும்தான்." தீபன் வாசுகியைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணுக்குக் கல்யாணம்னா அப்படித்தான் போல, மிஸ்."

வாசுகியும் சிரித்து வைத்தாள். சுகுமாறன் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை.

ஆஸ்பத்திரியில் எடுத்த சுகுமாறனின் ரத்தத்தில் மிச்சம் கூடத்துக்கு வந்திருந்தது. ஆரோக்கியமான ரத்தத்தில் என்ன வேடிக்கை இருக்கப் போகிறது என்று அதை ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. வாசுகி ஓட்டினாள். ஆயிரக்கணக்கான அணுக்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் திருத்தங்கள் சிதறிக் கிடந்தன. சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஒரே ஒரு எழுத்தைத் தவிர.

ஒரு மரபணுவில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்தம் என்று கணினி குறித்திருந்தது. ஆனால் அந்த மரபணுவைக் கொண்ட எல்லாக் குடும்பங்களிலும் அதே இடம், அதே எழுத்து. கிருமியின் வாசனையே படாத, ஒரு திருத்தமும் செய்யாத இளம் அணுக்களிலும் அது இருந்தது. திருத்தம் என்றால் ஆளுக்கொரு இடத்தில் விழும். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் கைவைப்பார்களா? இது திருத்தமே இல்லை. பிறவியிலேயே, தாய் தகப்பன் வழியாக வந்தது. வாசுகி ஒப்பிட்டுப் பார்க்கும் மூல வரிசைகள் பெரும்பாலும் வேறு தேசத்தவர் ரத்தத்திலிருந்து சேர்த்தவை. நம்மவர்களுக்குப் பரம்பரையாக வரும் எழுத்துகள் எல்லாம் அதில் ஏறியிருக்கவில்லை. தெரியாத எழுத்தையெல்லாம் கணினி திருத்தம் என்றே குறித்துவிடும். அவளும் அதைக் கேள்வி கேட்காமல் இத்தனை வருடம் நம்பியிருக்கிறாள்.

அவளுக்கு அந்த இடம் எங்கோ பார்த்ததாகப் பட்டது. நோய்க் குழாயின் வரிசையைத் திறந்தாள். அதே மரபணு, அதே இடம், அதே எழுத்து. அந்தக் குழாயில் இருந்த நல்ல அணுக்களிலும் அது இருந்தது. இதுபோன்ற பிறவி எழுத்துகள் சுகுமாறனிடம் மேலும் இரண்டு கிடைத்தன. ஒன்று நோய்க் குழாயோடு ஒத்துப்போனது, மற்றது ஒத்துப்போகவில்லை. பெட்டியில் இருந்த மற்ற ஆட்களிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஒரே ஆள் இல்லை. ஆனால் ஒரே வீடு.

கூடத்தில் குழாய் மாறியிருந்தால், ஊர் பேர் தெரியாத யாருடையதாவது வந்திருக்கும். சுகுமாறனின் உடன்பிறப்பு ரத்தம் எப்படி வந்து சேரும்? 'ஒரு சொட்டு ரத்தம் கீழ விழல' என்ற பேச்சு அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. சட்டை தொங்கிய தோளும் நனைந்து போகும் இரவுகளும் பின்னாலேயே வந்தன.

துப்புக் கிடைத்த சந்தோஷத்தில் எழுந்தவள் பாதியில் மறுபடி உட்கார்ந்தாள்.

இந்த நோயில் திருத்தங்களை எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் திருத்தம் இருந்தால் நோய் பெரும்பாலும் சாது. பல வருடம் மருந்தே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்குக் கீழே என்றால் சீக்கிரம் சீறும். நோய்க் குழாயின் எண்ணிக்கை அந்த இரண்டு என்ற கோட்டைத் தாண்டியிருந்தது ஒரே எழுத்தில். அந்த எழுத்து, திருத்தமே இல்லை என்றால்?

கோட்டுக்குக் கீழே.

'சாதுவான வகை. அவசரமில்லை. கண்காணித்தால் போதும்' என்று அறிக்கையில் எழுதியது வாசுகி. ரீடிங் சரி என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதும் வாசுகி. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அன்று சாயங்காலமே சுகுமாறன் வீட்டில் அண்ணன் தம்பி இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"வேன் வந்தப்ப உங்களுக்குத் தாடி இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு," என்றார் சுகுமாறன் மெதுவாக.

"வேன்ல ஐசியைப் பார்த்துத்தான் ரத்தம் எடுப்பாங்க. அந்த அடையாள அட்டைப் படத்துல தாடி இல்ல. மீசை மட்டும்தான். அன்னிக்கு உங்க முகத்தைவிடத் தீபன் அண்ணன் முகம்தான் உங்க ஐசிக்குப் பொருத்தம். பொங்கலுக்கு அடுத்த வாரம் நீங்க காப்போட இருந்தீங்க. ஒரு சொட்டும் கீழ விழலன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப உங்க பேரு போட்ட ட்யூப்ல யாரு ரத்தம்?"

தீபன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அலமாக்! இதுக்குத்தானா இவ்வளவு? நான்தான் மிஸ் குடுத்தேன். விரதத்துல ஊசி குத்திக்க மாட்டேன்னு அண்ணன் ஒத்தக் கால்ல நின்னாரு. குடுக்கலன்னா டேங்க் பக்கம் விடமாட்டாங்க. பஸ்ஸை ஓரமா போட்டுட்டு நான் போய்க் கையை நீட்டிட்டேன். அண்ணன் தம்பி ரத்தம் ஒண்ணுதானன்னு நெனச்சு..."

அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"டேங்க்லேர்ந்து ஏன் மாத்துனாங்கன்னு கேட்டதுக்கு ஷிப்ட் மாத்திட்டாங்கன்னு சொன்னியேண்ணே?"

சுகுமாறன் மஞ்சள் ஒட்டிய விரல்களைப் பார்த்தபடி பேசினார். "ரிப்போர்ட் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டா. இது உன் ரத்தம்னு. சாதுவான வகை, அவசரமில்லைன்னு போட்டிருந்துச்சு. சரி, புள்ள கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில என் ரத்தத்தைப் பார்த்துட்டு லேப்தான் தப்புன்னாங்க. வாயை மூடிக்கிட்டேன். அங்க யாரோ ஒரு பொண்ணை நிறுத்திட்டாங்கன்னு காதுக்கு வந்துச்சு. அப்பவும் மூடிக்கிட்டேன். தெனம் நீ எளைக்கிறதைப் பார்க்கறேன், அவசரமில்லைன்னு எழுதியிருக்காங்களேன்னு அதையே சொல்லிச் சொல்லி மனசைத் தேத்திக்கறேன்."

மோசடி செய்த ஆள் தெரிந்துவிட்டது. புதிர் அவிழ்ந்தது. வாசுகி அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அந்த எண்ணம் அவளுக்கு வராமலும் இல்லை.

"அவசரமில்லைன்னு எழுதினது நான்தாண்ணே," என்றாள். "அது தப்பு. ஒரு எழுத்தைக் கூடுதலா எண்ணிட்டேன். இது சீக்கிரம் வளர்ற வகை. நீங்க காத்திருந்தது என் பேச்சை நம்பி."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. யாரோ போய் அடுப்பை அணைத்தார்கள்.

"கல்யாணத்துல நான் நிப்பேனா மிஸ்?" என்றார் தீபன்.

"டாக்டர்தான் சொல்லணும். இப்ப நல்ல மாத்திரை இருக்கு, வீட்டுலேர்ந்தே சாப்பிடலாம். ஆனா நாளைக்குக் காலையிலயே போகணும். நான் கூட வர்றேன்."

தீபன் தலையாட்டினார். பிறகு தேம்பிக்கொண்டிருந்த அண்ணன் முதுகில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தார். நோய் இவருக்கு, ஆறுதல் அவருக்கு. வாசுகியால் அதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

தீபனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த மறுநாள், டாக்டர் கமலநாதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம் வாசுகி. திருத்தின ரிப்போர்ட் அனுப்புவோம், ரூபினியைத் திரும்பக் கூப்பிட்டுக்குவோம். ஆள் மாறாட்டம் அவங்க செஞ்சது. உங்க பேரு எதுக்கு நடுவுல?"

"அதே ரூம் வேணும் டாக்டர். அன்னிக்கு இருந்தவங்க அத்தனை பேரும் வேணும்."

திங்கள்கிழமை அதே மேசை. பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில் சுகுமாறன், தானாகவே ஒப்புக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ரூபினி. வாசுகி நின்றுகொண்டு பேசினாள்.

"ட்யூப் மாறல. வேன் வாசல்ல ஆள் மாறினாங்க. அதுக்கப்புறம் ரூபினி கைப்பட்டது எல்லாம் சரியா இருந்துச்சு. ரெண்டாவது தப்பு என்னுது. பிறவி எழுத்தைத் திருத்தம்னு எண்ணி, சீறுற நோயைச் சாதுன்னு எழுதினேன். ஆரோக்கியமான ரத்தத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பார்க்காமலே என் பக்கம் தப்பு இல்லன்னேன். நம்ம ஆளுங்களுக்கு இதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும். இன்னும் எத்தனை பேரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கேன்னு எனக்குத் தெரியல."

கமலநாதன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பாதுகாப்பு அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சுகுமாறன் ரூபினியின் எதிரே போய் நின்றார். அவள் வயதில் அவருக்கு மகள் இருந்திருக்கலாம். கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"தம்பிக்கு நல்லாகட்டும் அங்கிள். அதுக்கு நானும் வேண்டிக்கறேன்," என்றாள் ரூபினி. "மன்னிக்கிறது மட்டும் இப்ப முடியல. பொய் சொல்ல எனக்குத் தெரியாது."

அவர் போன பிறகு, ரூபினியின் பின்னாலேயே ட்யூப் அறைக்குப் போய், மன்னிப்புக் கேட்க வாசுகி வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கும் அதே பதில்தான்க்கா," என்றாள் ரூபினி. கையுறையை மாட்டிக்கொண்டு, உறைபெட்டியின் கதவைத் திறந்தாள். "பழைய ட்யூபுங்களை எடுக்கணும்ல? எந்த வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கறது?"

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துலேர்ந்து," என்றாள் வாசுகி.